மால்டோ மலைக்குக் குடும்பமாகப் போகிறோம், நான்கு வயது மகளோடு. உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்

குற்றாலச்சாரல்:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். வருகிற ஜூன் மாதம் நானும் மனைவியும் மகளும் ஜார்க்கண்டில் சாகிப்கஞ்ச் மாவட்டத்துக்குப் போகிறோம், ராஜ்மகால் மலையில் மால்டோ என்ற பழங்குடி மக்கள் இருக்கிற ஒரு ஊர். மனைவி நர்ஸ் படித்தவள். நான் பி.எட். முடித்துவிட்டு நான்கு வருடம் பள்ளியில் வேலை பார்த்தேன். அர்ப்பணிப்பில் சந்தேகமில்லை, அதைப்பற்றிக் கேட்க வரவில்லை. மிஷனரி கூட்டங்களில் எத்தனையோ சாட்சி கேட்டிருக்கிறோம். அங்கே பாம்பு வரும், காய்ச்சல் வரும், அற்புதம் வரும். ஆனால் காலையில் எழுந்தால் தண்ணீர் எங்கே எடுப்பது, வீட்டுக்காரர் ஊர் ஊராக நடந்து போய்விட்டால் ராத்திரி பிள்ளையோடு தனியாக எப்படி இருப்பது, நம் சாப்பாடு கிடைக்குமா, இதையெல்லாம் யாரும் மேடையில் சொல்வதில்லை. மகளின் படிப்புதான் என் மனைவிக்குப் பெரிய கேள்வி. மாமனார் இதற்காகவே எங்களோடு பேசுவதை நிறுத்திவிட்டார். பணித்தளத்தில் குடும்பமாக இருந்தவர்கள் யாராவது இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள்.

மலைவீட்டம்மா:

தம்பி, நாங்கள் அந்த மலையில் 1998 முதல் 2015 வரை இருந்தோம். நாங்கள் போனபோது அது பீகார், ஜார்க்கண்ட் என்று பிரிந்தது 2000 நவம்பரில். நீங்கள் கேட்ட வரிசையிலேயே சொல்கிறேன்.

தண்ணீர். மால்டோ ஊர்கள் பெரும்பாலும் மலை உச்சியில் இருக்கும், ஊற்று கீழே பள்ளத்தில் இருக்கும். எங்கள் ஊரில் இறங்க இருபது நிமிடம், ஏற நாற்பது. நம் ஊர் வழக்கப்படி இடுப்பில் குடத்தை வைத்து முதல் நாள் ஏறினேன், பாதி வழியில் வழுக்கிக் குடமும் போய் முழங்காலும் போனது. அங்கே தலையில்தான் வைக்க வேண்டும், இரண்டு கையும் வீசி நடந்தால்தான் அந்தச் சரிவில் நிற்க முடியும். பக்கத்து வீட்டுப் பாட்டி சும்மாடு சுற்றித் தந்து என்னை நடக்கப் பழக்கினார்கள், கல்யாணமாகி இரண்டு பிள்ளை பெற்ற பிறகு! ஏப்ரல், மே மாதம் ஊற்று சுருங்கிவிடும். ராத்திரி மூன்று மணிக்குப் போய் உட்கார்ந்து, ஊறுகிற தண்ணீரைச் சிறு கிண்ணத்தால் மொண்டு மொண்டு குடத்தில் ஊற்ற வேண்டும். ஒரு குடம் நிரம்ப அரை மணி நேரம் ஆகும். எனக்கு அவர்கள் மொழி வந்தது வகுப்பில் இல்லை, அந்த ஊற்றங்கரையில்தான்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். புழுங்கலரிசி கிடைக்கும். முருங்கை அங்கேயும் உண்டு, சஜ்னா என்பார்கள். தட்டப்பயறு அவர்கள் மலையிலேயே விளைகிறது, அங்கே அதற்குப் பர்பட்டி என்று பெயர். காட்டை வெட்டி எரித்துச் சரிவில் குர்வா போடுவார்கள், அதில் மக்காச்சோளமும் பர்பட்டியும் கலந்து விதைப்பார்கள். எண்ணெய் கடுகெண்ணெய்தான், மூன்று மாதத்தில் பழகிவிடும். புளியும் காய்ந்த மிளகாயும் ஊரிலிருந்து கொண்டு போங்கள். வாரச் சந்தைக்கு ஹாட் என்பார்கள். மலையிலிருந்து விறகும் மூங்கிலும் சுமந்துகொண்டு இறங்குகிறவர்களிடம் மகாஜன், அதாவது கடன் கொடுக்கிற வியாபாரி, என்ன விலை வைக்கிறானோ அதுதான் விலை, ஏனென்றால் ஏற்கெனவே அவனிடம் கடன் இருக்கும். இதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து நிம்மதியாகச் சாப்பிட முடியாது. இதையும் சொல்லிவிடுகிறேன்.

ராத்திரி. என் கணவர் ஒரு சுற்றுப் போனால் நான்கைந்து நாள் ஆகும். முதல் வருடம் நான் தூங்கவே இல்லை என்று சொல்லலாம். அப்புறம் பாட்டியின் பேத்தி எங்கள் வீட்டில் வந்து படுத்துக்கொள்ள ஆரம்பித்தாள். தரையில் மட்டும் படுக்க வேண்டாம். கட்டுவிரியன் ராத்திரியில்தான் வரும், கடித்தால் வலிகூடத் தெரியாது, தூங்குகிறவர்கள் தூக்கத்திலேயே போய்விடுவதும் உண்டு. கயிற்றுக் கட்டிலில் படுத்து, கொசுவலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிவிட்டால் பாம்புக்கும் அதுதான் காவல்.

காய்ச்சலைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். படிப்பைப் பற்றி எழுத எனக்குக் கொஞ்சம் நேரம் வேண்டும்.

ஊசிமருந்து:

நான் சந்தால் பர்கானாவில், சாகிப்கஞ்சும் அதைச் சேர்ந்ததுதான், ஆறு வருடம் செவிலியராக இருந்தேன். உங்கள் மனைவி நர்ஸ் என்பதால் சொல்கிறேன். அந்தப் பக்கம் இரண்டு காய்ச்சல் முக்கியம். ஒன்று ஃபால்சிபாரம் மலேரியா. மலையிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற நேரத்துக்குள் மூளைக்கு ஏறிவிடலாம் என்பதால் பரிசோதனைக் கிட்டும் மலேரியாவுக்கான ஏ.சி.டி. மாத்திரையும் கையில் இல்லாமல் ஒரு நாளும் இருக்கக் கூடாது. இன்னொன்று காலா அசார் என்கிற கருங்காய்ச்சல். ஜார்க்கண்டில் சாகிப்கஞ்ச், பாகூர், கொட்டா, தும்கா ஆகிய நான்கு மாவட்டங்களில்தான் அது முக்கியமாக இருந்தது. பரப்புவது மணல் ஈ. கொசுவைவிட ரொம்பச் சின்னது, சாதாரண கொசுவலையின் கண் வழியாகவே உள்ளே வந்துவிடும், நெருக்கமான வலை வாங்குங்கள். மண்சுவரின் விரிசலிலும் மாட்டுத் தொழுவத்திலும் பகலெல்லாம் ஒளிந்திருக்கும். உயரப் பறக்காது, தத்தித் தத்திப் போகும். சுவர் விரிசலைப் பூசி வைப்பதும் தொழுவத்தைத் தள்ளி வைப்பதும் பாதி வைத்தியம்.

இரண்டு வாரத்துக்கு மேல் காய்ச்சல், இடது விலாவுக்குக் கீழே மண்ணீரல் கையில் தட்டுகிறது என்றால் உடனே காலா அசாருக்கான ஆர்.கே.39 ரத்தப் பரிசோதனை, கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும். முன்பு முப்பது நாள் ஊசி போட வேண்டியிருந்தது. 2014-க்குப் பிறகு லிப்போசோமல் ஆம்போடெரிசின் என்ற மருந்தை ஒரே தடவை நரம்பில் ஏற்றினால் போதும் என்று வந்துவிட்டது, அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். நோயாளிகளும் ரொம்பக் குறைந்துவிட்டார்கள். ஆனால் குணமாகிச் சில மாதம், சில வருடம் கழித்துத் தோலில் வெள்ளைத் திட்டு வந்தால் விட்டுவிடாதீர்கள். வலிக்காது என்பதால் யாரும் காட்ட மாட்டார்கள், அதிலிருந்து மறுபடி பரவும்.

மலைவீட்டம்மா:

அந்த முப்பது நாள் ஊசி என் கணவர் போட்டுக்கொண்டதுதான், 1999-இல். மலையிலிருந்து தினமும் இறங்கி வர முடியாது என்று கீழே ஒரு அறை எடுத்துத் தங்கினோம். பதினைந்தாவது நாளுக்கு மேல் இடுப்பில் ஊசி குத்த இடமில்லாமல் கட்டி கட்டியாக இருந்தது, கவிழ்ந்துதான் படுப்பார். ஊரிலிருந்து ஒரு கடிதம் வந்தது, உங்கள் ஜெபக் குறிப்பில் இந்த மாதம் ஊழிய விவரம் குறைவாக இருக்கிறதே என்று. எழுதியவர் நல்ல மனிதர்தான், அவருக்குத் தெரியாது. நமக்கு உடம்பு சரியில்லை என்று எழுதக் கூச்சப்பட்டு நாங்களும் எழுதவில்லை. தம்பி, நீங்கள் எழுதுங்கள். ஜெபத்தாலும் காணிக்கையாலும் தாங்குகிறவர்களுக்கு உண்மை தெரிந்தால்தான் தாங்க முடியும்.

நேர்ப்பேச்சு:

நான் கிறிஸ்தவன் இல்லை. இந்த இழையை ஒரு நண்பர் அனுப்பினார். எல்லாம் உருக்கமாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஒன்றைக் கேட்க வேண்டும். ஏற்கெனவே தங்களுக்கென்று தெய்வமும் வழிபாடும் இருக்கிற ஒரு சிறிய பழங்குடி, அரசே மிக நலிந்த பழங்குடிப் பட்டியலில் வைத்திருக்கிறது. அவர்களிடம் மருந்தோடும் பள்ளிக்கூடத்தோடும் போய் மதத்தையும் கொடுத்தால், நோயில் கிடக்கிறவன் எப்படி வேண்டாம் என்பான்? சேவை செய்யத்தான் ஆசை என்றால் மதத்தை ஊரிலேயே விட்டுவிட்டுப் போகலாமே?

பனைநிழல்:

கேள்வி நியாயமானது, கோபப்படாமல் பதில் சொல்கிறேன். நானும் வடக்கே இருபது வருடம் இருந்தவன். நாங்கள் சுவிசேஷம் சொல்லப் போகிறோம். அதை ஒளித்துவிட்டு வெறும் சேவை என்று சொன்னால் அது பொய், அந்தப் பொய்யைச் சொல்லாதீர்கள் என்றுதான் புதிதாக வருகிறவர்களுக்கும் சொல்வேன். ஆனால் நோயில் கிடக்கிறவனிடம் பேரம் பேசுவது அதைவிடப் பெரிய பாவம். ஜார்க்கண்டில் 2017-இல் ஒரு சட்டம் வந்தது. வற்புறுத்தியோ ஆசை காட்டியோ மதம் மாற்றினால் மூன்று வருடம் வரை சிறை, பழங்குடி என்றால் நான்கு வருடம். மாற்றுகிறவர் மாவட்ட நிர்வாகத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், மாறுகிறவரும் அங்கே தெரிவிக்க வேண்டும். சட்டம் வருவதற்கு வெகு நாள் முன்பே எங்கள் மூத்தவர் ஒருவர் எங்களுக்குச் சொல்லி வைத்தது, மருந்துப் பெட்டியைத் திறக்கிற கை அன்றைக்கு வேதப் புத்தகத்தைத் திறக்கக் கூடாது என்று. அப்படியே இருந்தோம். கடைசிவரை எங்கள் பக்கம் வராமல், மருந்துக்கு மட்டும் வந்துபோன வீடுகள் எத்தனையோ உண்டு. அவர்கள் வீட்டிலும் சாப்பிட்டிருக்கிறோம்.

மலைவீட்டம்மா:

நேர்ப்பேச்சு அண்ணனுக்கு நானும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் தரப்பில் தப்பு நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். நான் போன புதிதில் அவர்கள் அறுவடைக்கு மத்தளம் அடித்து ஆடுவதைப் பார்த்துவிட்டு, சபைக்கு வந்த பெண்களிடம் இனி போகாதீர்கள் என்று சொன்னேன். அவர்கள் மறுபேச்சுப் பேசவில்லை, போகாமல் இருந்துவிட்டார்கள். இரண்டு வருடம் அந்தப் பெண்கள் ஊற்றங்கரையில் மற்றப் பெண்களோடு சேராமல் தனியாக நின்றார்கள், ஏன் என்று எனக்கு அப்போது புரியவில்லை. புரிந்த பிறகு அவர்களிடம் போய்த் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று சொன்னேன். மத்தளம் அப்புறம் சபைக்குள்ளேயே வந்தது. ஆனால் அந்த இரண்டு வருடத்தை நான் திருப்பிக் கொடுக்க முடியாது. புதிதாகப் போகிறவர்கள் முதல் இரண்டு வருடம் எதையும் செய்யாதே என்று சொல்வதற்கு முன் மொழியைப் படியுங்கள்.

சொல்வேட்டை:

மொழி என்றதும் உள்ளே வந்தேன். தம்பி, உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. நீங்கள் போகிற இடம் 2,000 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருந்தாலும் மால்டோ நம் சொந்தக்கார மொழி, வட திராவிடம். சுற்றி இருப்பதெல்லாம் சந்தாலியும் வங்காளமும் இந்தியும்தான், நடுவில் மலை மேல் இது மட்டும் தங்கிவிட்டது. இடையன்குடியில் இருந்த கால்டுவெல்லே தம் ஒப்பிலக்கணத்தில் ராஜ்மகால் மொழியைத் திராவிடக் குடும்பத்தில் சேர்த்துச் சொல்லியிருக்கிறார். 1884-இல் எர்னஸ்ட் த்ரோசே என்ற ஜெர்மன் மிஷனரி அதற்கு இலக்கணம் எழுதி வெளியிட்டார். பல்லுக்குப் பலு. கண்ணுக்குக் கனு, ஆனால் அந்தக் ககரம் தொண்டையின் அடியிலிருந்து வர வேண்டும், நமக்கு நாக்குப் பிடிபட நாளாகும். எண்கள் மட்டும் ஒன்று, இரண்டுக்கு மேல் இந்தியிலிருந்து வாங்கியவை. நாம், நாங்கள் என்று நமக்கு இரண்டு இருக்கிறதல்லவா, கேட்கிறவரையும் சேர்த்து ஒன்று, சேர்க்காமல் ஒன்று. இந்தியில் இரண்டுக்கும் ஹம்தான். மால்டோவில் நம்மைப் போலவே இரண்டு உண்டு. சேர்த்துச் சொன்னால் நாம், அதே சொல். விட்டுச் சொன்னால் ஏம்.

சட்டை47:

நான் மிஷனரி பிள்ளை. ஐந்தரை வயதில் விடுதிக்கு வந்தேன், பிளஸ் டூ வரைக்கும் அங்கேதான். எந்தப் பள்ளி, எந்த ஊர் என்பதெல்லாம் வேண்டாம். படிப்பு நன்றாக இருந்தது, வார்டன் அம்மா அன்பானவர், நான் இன்று நல்ல வேலையில் இருக்கிறேன். இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்து சொல்லப் போவதைக் கேட்டு யாரையும் குறை சொல்ல வேண்டாம்.

வருடத்துக்கு இரண்டு தடவை பெற்றோரைப் பார்ப்பேன், சில வருடம் ஒரு தடவைதான். அப்பா சபைகளில் பேச வரும்போது பிள்ளைகளைக் கர்த்தரிடம் ஒப்புக்கொடுத்துவிட்டோம் என்று சொல்வார், கூட்டத்தில் எல்லாரும் அழுவார்கள். நான் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பேன். எனக்கு அப்போது ஏழு வயது. ஒப்புக்கொடுத்தது அவர், ஆனால் போனது நான் என்று சொல்லத் தெரியாத வயது. எனக்கு அப்பா மேல் கோபமில்லை. இப்போது எனக்கே பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர் எந்த வலியில் அதைச் சொன்னார் என்று தெரிகிறது. அந்த வலியைக் கூட்டத்துக்குச் சொன்னார், எனக்குச் சொல்லவில்லை, அதுதான் என் குறை. லீவுக்குப் போனால் வீட்டில் எல்லாரும் சிரித்த முகமாகவே இருப்பார்கள், இருபது நாளை அழுது வீணாக்க வேண்டாம் என்று. ரயில் ஏறும்போது நான் அழுதால் அம்மா ஜன்னலுக்கு வெளியே சிரித்துக்கொண்டு நிற்பார். அம்மாவுக்கு நான் போவதில் வருத்தமே இல்லை போலிருக்கிறது என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மலைவீட்டம்மா:

இரண்டு நாளாக இதைப் படித்துவிட்டு மூடி மூடி வைத்தேன். கண்ணு, உன் அம்மா வேறு யாரோ, ஆனால் நானும் அப்படித்தான் ஜன்னலுக்கு வெளியே சிரித்துக்கொண்டு நின்றேன்.

என் பெரியவளை 2003-இல் விடுதிக்கு அனுப்பினோம், ஆறு வயது. துணிகளில் எண் தைத்துத் தர வேண்டும், சலவைக்குப் போகும்போது மாறாமல் இருக்க. பன்னிரண்டு பாவாடை சட்டை, நான்கு துண்டு, இரண்டு போர்வை. ராத்திரி அரிக்கேன் வெளிச்சத்தில் சிவப்பு நூலில் காலருக்கு உள்பக்கம் எண்ணைத் தைத்தேன். நாலைந்து சட்டை தைத்த பிறகு, எண்ணுக்குப் பக்கத்தில் துணியோடு துணியாக ஒரு சின்னப் பூ தைக்க ஆரம்பித்தேன். எதற்கென்று அப்போது நினைக்கவில்லை. பாட்டி வந்து பார்த்துவிட்டு என்ன தைக்கிறாய் என்று கேட்டார்கள். பிள்ளையைப் படிக்க அனுப்புகிறோம் என்றேன். யார் வீட்டில் இருப்பாள் என்று கேட்டார்கள். யார் வீட்டிலும் இல்லை, ஒரு பெரிய வீட்டில் நிறையப் பிள்ளைகளோடு என்றேன். பாட்டி நெடு நேரம் பேசவில்லை. அப்புறம், நாங்கள் பசியில் கிடந்தாலும் பிள்ளையைப் பக்கத்தில்தான் படுக்க வைப்போம் என்றார்கள். குத்திக் காட்டச் சொன்னதில்லை, அவர்களுக்கு உண்மையாகவே புரியவில்லை. எனக்கும் பதில் இல்லை.

முதல் லீவில் அவள் வந்தபோது மால்டோ மறந்திருந்தது. ஆறு வயது வரை அவளுக்குத் தமிழைவிட அதுதான் நன்றாக வரும், பாட்டியின் பேத்தியோடு விளையாடியே வளர்ந்தவள். அந்தப் பிள்ளை வாசலில் வந்து நின்று ஏதோ கேட்கிறது, இவள் என் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அம்மா, என்ன சொல்கிறாள் என்று தமிழில் கேட்கிறாள்.

என் சின்னவனை நாங்கள் அனுப்பவில்லை. ஐந்தாம் வகுப்பு வரை வீட்டிலேயே வைத்து நான் சொல்லிக் கொடுத்தேன், தமிழ் பாடப் புத்தகத்தை ஊரிலிருந்து வரவழைத்து. மேலிடத்தில் சிலர் ஊழியத்துக்கு இடைஞ்சல் என்றார்கள். என் கணவர் எனக்காக நின்றார். பத்து வயதில் அவனாகவே போகிறேன் என்று போனான். இரண்டு பிள்ளைகளுக்கும் இன்று வித்தியாசம் தெரிகிறதா என்று கேட்டால், தெரிகிறது. அதற்கு மேல் இங்கே எழுதினால் என் மகளுக்கு நியாயமாக இருக்காது.

குற்றாலச்சாரல்:

இந்தத் தடவை எழுதுவது நான் இல்லை, என் மனைவி. அவள் சொல்லச் சொல்லத் தட்டுகிறேன்.

அக்கா, சட்டை47 அண்ணன், இரண்டு பேருக்கும் நன்றி. நேற்று ராத்திரி நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து பேசினோம், மகளையும் வைத்துக்கொண்டுதான். பத்து வயது வரை அவள் எங்களோடு இருப்பாள் என்று முடிவு செய்திருக்கிறோம். அனுப்புகிறவர்களிடம் போவதற்கு முன்பே இதை எழுதிக் கொடுக்கப் போகிறோம், அவர்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால் வேறு பணித்தளம் கேட்போம். இன்னொன்று, எங்கள் அப்பாவுக்கு இந்த இழையை முழுதாக வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. காலையில் வந்து, நெருக்கமான கொசுவலை எந்தக் கடையில் கிடைக்கும் என்று மட்டும் கேட்டார்.

சட்டை47:

அக்கா, ஒரு வேண்டுகோள். மகளை மேடையில் ஏற்ற வேண்டாம். அவளைப் பற்றிக் கூட்டத்தில் சொல்வதாக இருந்தால் அவளிடம் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள், ஐந்து வயதானாலும் கேளுங்கள். மால்டோ பிள்ளைகளுக்கும் அதேதான். சட்டையில்லாமல் மூக்கு ஒழுக நிற்கிற படத்தை ஜெப மடலில் போட்டுக் காணிக்கை கேட்பார்கள். அந்தப் பிள்ளை வளர்ந்து ஒரு நாள் அதைப் பார்க்கும்.

மலைவீட்டம்மா, என் அம்மாவிடம் நேற்று போனில் கேட்டேன், ரயில் போன பிறகு என்ன செய்வீர்கள் என்று. பிளாட்பாரத்தில் குழாயடியில் முகத்தைக் கழுவிவிட்டுத்தான் அப்பாவிடமே திரும்பி வருவேன் என்றார். இத்தனை வருடத்தில் இதை நான் கேட்டதே இல்லை.

மலைவீட்டம்மா:

கேட்டாயே, அது போதும் கண்ணு.

நர்ஸம்மா, உங்களுக்குக் கடைசியாகச் சில. பயணம் நீளம். சென்னையிலிருந்து ஹவுராவுக்கே ஒரு பகல் ஒரு ராத்திரிக்கு மேல், அங்கே இறங்கி வேறு ரயிலில் பர்ஹர்வா வரை, அப்புறம் ஜீப், அப்புறம் நடை. பர்ஹர்வா, பாகூர் பக்கம் முழுக்கக் கருங்கல் குவாரி, கிரஷர் தூசி மூச்சை அடைக்கும், பிள்ளைக்கு முகத்தில் துணி கட்டுங்கள். ஜூன் என்றால் மழை பிடித்துவிடும், மலைப்பாதையில் செருப்பு நிற்காது, ரப்பர் ஷூ வாங்கிக்கொள்ளுங்கள். போன முதல் வாரமே யார் வீட்டில் என்ன சமைத்தாலும் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

சொல்வேட்டை அண்ணன் நாம், ஏம் என்று எழுதியதைப் படித்ததும் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. பாட்டி என்னிடம் பேசும்போது எப்போதும் ஏம்தான், எங்கள் ஊர், எங்கள் ஊற்று என்று. சின்னவனுக்கு மலேரியா வந்து விடிய விடிய அவர்கள்தான் ஈரத்துணி மாற்றினார்கள். விடியற்காலையில் காய்ச்சல் இறங்கியதும் எழுந்து முந்தானையை உதறிக்கொண்டு, நாம் தண்ணீருக்குப் போகலாம், நேரமாகிவிட்டது என்றார்கள். நாங்கள் போய் ஐந்தாவது வருடம் அது. குடத்தை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

கறிவேப்பிலைக் கன்று இரண்டு கொண்டு போங்கள், வேரில் ஈரச்சாக்கு சுற்றி. ரயிலில் ஒன்று எப்படியும் வாடிவிடும். வீட்டுக்குப் பின்னால் பாத்திரம் கழுவுகிற தண்ணீர் ஓடுகிற இடத்தில் வையுங்கள், முதல் குளிருக்கு இலையெல்லாம் கொட்டும், பிடுங்கிவிடாதீர்கள், பங்குனியில் துளிர்க்கும்.